பழைய காமிக்ஸைப் பழுதுபார்க்கலாமா?

கேள்வி: துரை பங்களாவில் வேலைசெய்த என் அப்பாவுக்குக் கிடைத்த, 1960களின் அமெரிக்க காமிக்ஸ் இதழொன்றின் அட்டை கிழிந்து, கம்பிகள் துருப்பிடித்துள்ளன. தரமதிப்பீட்டுக்கு அனுப்புமுன் சீர்செய்யலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: தயவுசெய்து எதையும் ஒட்டாதீர்கள். கிழிசலைப் பசையிட்டு மூடி, மங்கிய இடத்தில் வண்ணம் பூசினால், காமிக்ஸ் இதழ்களைத் தரமதிப்பிடும் அமெரிக்காவின் சிஜிசி நிறுவனம் அதனைத் திருத்தப்பட்ட இதழாகக் கொண்டு ஊதா நிறச் சீட்டு வழங்கும் என்பதால், கிழிசலோடு குறைந்த தரம் பெற்றாலும், திருத்தப்படாததற்கான நீலச் சீட்டுள்ள இதழையே சேகரிப்பாளர் பலர் விரும்புகின்றனர். மடிப்பு நீங்க வல்லுநர் அழுத்திக் கொடுப்பது திருத்தமாகாது. ஆயினும் இஸ்திரிப்பெட்டியை நீங்களே எடுக்க வேண்டாம். எனக்குப் பெருங்கவலை தருவது நம் மலையகத்துப் பனிமூட்டத்தின் ஈரம்தான். துருவை வளர்ப்பது அதுவே. அமிலமற்ற அட்டையுடன் உறையிலிட்டு, சுவரை ஒட்டாத அலுமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். விற்கும் எண்ணம் இல்லையெனில், மதிப்பீட்டுச் செலவே தேவையில்லை.