கேளுங்கள், சொல்கிறேன்: ஃபேரி அரசிக்கு யார் போட்ட கடிவாளம்?

கேள்வி: மாயாஜால நாவலில் வரும் ஃபேரி அரசி (ஃபேரி என்றால் ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் மாய இனம்) கண்ணசைத்தால் காடே கருகிவிடுகிறது. வெறுங்கையோடு எதிரில் நிற்கிற பெண்ணை மட்டும் 'விதி தடுக்கிறது' என்று தொடாமல் விடுகிறாள். கதாநாயகியைக் காப்பாற்ற எழுத்தாளர் செய்யும் தில்லுமுல்லுதானே இது?

பாதி நாவல்களில் சந்தேகமே வேண்டாம், தில்லுமுல்லுதான். கத்தி கழுத்துக்கு வந்த பிறகு விதி முளைத்தால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். ஆனால் அந்த விதி நேற்று முளைத்ததில்லை.

ஸ்காட்லாந்தின் 'டாம் லின்' கதைப்பாடலைப் பாருங்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தந்து 1796இல் அச்சேறிய வடிவம் என்னிடம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஃபேரி அரசியிடம் சிக்கிய டாம் லினை, அவன் பிள்ளையை வயிற்றில் சுமக்கும் ஜேனட் மீட்க வருகிறாள். ஹாலோவீன் இரவு, ஃபேரிகள் குதிரையேறி ஊர்வலம் போகும் நேரம். குதிரையிலிருந்து அவனை இழுத்துக் கட்டிக்கொள்கிறாள். அணைத்த கைக்குள்ளேயே அவன் பாம்பாகிறான், கரடியாகிறான், சிங்கமாகிறான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிறான். அவள் விடவில்லை. தணலாக மாறியதும் கிணற்றில் எறிகிறாள். அம்மணமாக ஒரு மனிதன் எழுந்து வருகிறான். தன் பச்சைப் போர்வையை அவன்மேல் போர்த்தி மறைக்கிறாள்.

இத்தனையும் கண்ணெதிரே நடக்க, அரசி என்ன செய்கிறாள்? திட்டுகிறாள்! ஜேனட்டுக்குத் துர்ச்சாவு வரட்டும் என்று சபிக்கிறாள். டாம் லினிடம், இது முன்னமே தெரிந்திருந்தால் உன் கண் இரண்டையும் பிடுங்கிவிட்டு மரக்கண் பதித்திருப்பேனே என்று கறுவுகிறாள். அதோடு பாட்டு முடிந்தது. நேற்றுவரை பிடுங்கியிருக்கலாம், அவன் அவளுடைய ஆள். இன்று உரிமை கைமாறிவிட்டது, வாய் மட்டும்தான் மிச்சம். விதி என்று ஒன்றைப் பாட்டில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. அவள் வயிற்றெரிச்சலிலிருந்து நாமே புரிந்துகொள்கிறோம். இரக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தனக்குச் சொந்தமில்லாததை அவளால் தொட முடியாது, அவ்வளவே.

அமெரிக்க எழுத்தாளர் ஜிம் புட்சர் 'சம்மர் நைட்' (Summer Knight, 2002) நாவலில் இதை வெளிப்படையான சட்டமாகவே ஆக்கினார். பிறப்பாலோ பேரத்தாலோ தங்கள் அவையோடு பிணைப்பில்லாத மனிதரை ஃபேரி அரசிகள் கொல்லக்கூடாது. அதனால் அந்த வேலைக்கென்று ஒவ்வொரு அவையும் ஒரு மனித வீரனை வைத்துக்கொள்கிறது. நிர்வாகம் என்றால் இப்படித்தான் நடக்கும்!

கேள்வி: அரசியே விதியை மீறினால் தட்டிக்கேட்பது யார்?

எழுதுகிறவர்கள் பலர் தங்களையே கேட்டுக்கொள்ளாத கேள்வி. தானே போட்டுக்கொண்ட விதியை அரசி எப்போது வேண்டுமானாலும் தூக்கி எறியலாம், அதில் ஏது பதற்றம்? மறுபடி டாம் லினிடமே வருகிறேன். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஃபேரிகள் நரகத்துக்கு வரி கட்ட வேண்டும். இந்த முறை அந்த வரி நான்தானோ என்று அவன் நடுங்குகிறான். போகிற போக்கில் வரும் சேதி இது. ஆனால் அத்தனை பகட்டான அரசிக்கு மேலேயும் கடனைக் கேட்டு வாங்கும் ஒரு கடன்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. சட்டப்புத்தகம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், ஒரு கடன்காரனைக் காட்டுங்கள்.

கடன்காரன் பிடிக்கவில்லையா? அவள் பலமே பிறர் அவளுக்குக் கொடுத்த சத்தியங்களில் இருப்பதாக வையுங்கள். அவள் ஒன்றை முறித்தால், அவளுக்குக் கட்டுப்பட்ட ஆயிரம் பேரும் அதே நொடியில் விடுபடுவார்கள். எதுவானாலும், ஒரு சின்ன ஃபேரி விதியை மீறி நாசமாவதை வாசகர் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரசியின் தயக்கத்தை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: ஃபேரிகளால் பொய் சொல்ல முடியாது என்கிறார்களே?

இன்றைய நாவல்களில் எங்கு பார்த்தாலும் அதுதான். ஆனால் ஸ்காட்லாந்தின் இன்னொரு கதைப்பாடலான 'தாமஸ் த ரைமர்' பாட்டில் பொய் சொல்லாத நாக்கு வாய்ப்பது மனிதனுக்கு! அரசி ஓர் ஆப்பிளைப் பறித்து, இதுதான் உன் கூலி, இனி உன் நாக்கு பொய் பேசாது என்கிறாள். தாமஸ் பதறிப்போகிறான்: என் நாக்கு எனக்குச் சொந்தம், இதை வைத்துக்கொண்டு சந்தையில் எதை வாங்குவேன், எதை விற்பேன்? அரசனோடும் சீமாட்டிகளோடும் எப்படிப் பேசுவேன்? அரசி காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீங்கு செய்யாதே என்று எத்தனை விதி வேண்டுமானாலும் எழுதுங்கள். பரிசு கொடுக்காதே என்று எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

கேள்வி: இரும்பைக் கண்டால் ஃபேரிகள் ஏன் ஓடுகின்றன?

காரணம் சொல்லாமல் விட்டால்தான் அழகு. ரசாயனப் பாடம் எடுக்க ஆரம்பித்தால் பயம் போய்விடும்.

கேள்வி: நான் எழுதும் கதையில் ஃபேரி மன்னன், 'என் கையால் உனக்குத் தீங்கு வராது' என்று நாயகனுக்குச் சத்தியம் செய்கிறான். கதைப்படி நாயகன் அழிந்தாக வேண்டும். வேறொருவன் கையால் முடித்துவிடலாமா?

வேண்டாம். 'என் கையால்' என்றதுமே வாசகர் அடுத்தவன் கையைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

மன்னனை நல்லவனாகவே விடுங்கள். அயர்லாந்துக் கதையில் ஓஷீன் என்ற வீரனை இளமை நாட்டுக்கு அழைத்துப்போகும் ஃபேரிப் பெண் நீவ் அவனுக்குக் கெடுதல் நினைத்தவளே இல்லை. ஊரைப் பார்க்கப் போகிறேன் என்று அவன் அடம் பிடித்தபோது, குதிரையை விட்டு இறங்காதே என்று எச்சரித்துத்தான் அனுப்புகிறாள். அதற்குள் இங்கே மனிதர் உலகில் முந்நூறு ஆண்டு ஓடிவிட்டது அவனுக்குத் தெரியாது. கல்லைத் தூக்கத் திணறுகிறவர்களுக்கு உதவக் குனிகிறான், சேணவார் அறுகிறது, கால் தரையில் படுகிறது, அத்தனை வயதும் ஒரே கணத்தில் அவன்மேல் இறங்கிவிடுகிறது. எந்தச் சத்தியமும் முறியவில்லை.

உங்கள் மன்னன் வாக்குத் தவறாத ஆள், விருந்தாளியை உபசரிக்கிறவன். இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போ என்று அவன் மனதாரச் சொல்லட்டும், போதும். அந்த ஒரு நாள் வெளியே எத்தனை ஆண்டு என்பதை மட்டும் முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்துவிட்டு எழுதுங்கள்.