நினைவு அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போனால், சலிக்காமல் கற்றுக்கொள்ள என்ன செய்யலாம்?

பிள்ளைகள் உள்ளே நுழைவதற்கு முன்பே அவர்கள் கைக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பலித்த வழி இதுதான்.

மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு முதல் தடவை போனபோது, படங்களுக்குக் கீழே இருந்ததையெல்லாம் நான் வாசித்துக்கொண்டே போனேன். அரை மணி நேரத்தில் சின்னவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டாம் தடவை போவதற்கு முந்தைய நாள், என் அம்மா தன் பழைய தக்ளியை, அதாவது கையால் சுழற்றி நூல் நூற்கும் சின்னக் கதிரை, எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தார். 1960களில் ஆரம்பப் பள்ளியில் நூற்றவர் அவர்.

"அப்பத்தா, அறுந்துபோச்சு!" என்று நூற்கும்போது பத்துத் தடவையாவது இரண்டு பேரும் கத்தினார்கள். முறுக்கு குறைந்தால் இழை பிரிந்துபோகிறது, கூடினால் சுருண்டுகொள்கிறது. "பஞ்ச இழுக்காத தங்கம், அதுவா வரட்டும்" என்று அம்மா மகளின் விரலைப் பிடித்துக் காட்டினார். ஒரு சாயங்காலம் முழுக்க நூற்று, மகளுக்குச் சேர்ந்தது ஏறக்குறைய 3 மீட்டர்.

மறுநாள் காந்தி நூற்கும் படத்தின் முன்னால் இரண்டு பேரும் தாங்களாகவே நின்றார்கள். பார்த்தது முகத்தை அல்ல, விரல்களை. 1921 செப்டம்பர் 22 அன்று இதே மதுரையில், மேலமாசி வீதி வீட்டில், அவர் அரையாடைக்கு மாறினார். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னது அவர் மனதை உறுத்தியிருந்தது. நான் இதைச் சொன்னதும், "ஒரு வேட்டிக்கு எவ்வளவு நூல் வேணும்?" என்று கேட்டாள் மகள்.

1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணியும் இங்கேதான் இருக்கிறது. சிறு குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லி, பார்க்க விருப்பமா என்று கேளுங்கள். சின்னவன் வேண்டாம் என்றான். அப்பத்தாவோடு வெளியே மரத்தடியில் இருந்தான். வற்புறுத்தாதது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். மகள் கண்ணாடிக்கு அருகில் வெகுநேரம் நின்றாள். எதுவும் கேட்கவில்லை, நானும் விளக்கப் போகவில்லை.

வெளியே வந்து புல்தரையில் உட்கார்ந்து, அம்மாவின் கதர்த் துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்து இழை எண்ணினோம். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை அவசியம் செய்துபாருங்கள், ஒரு பூதக்கண்ணாடியும் அளவுகோலும் போதும். சென்டிமீட்டருக்கு 20 இழை என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் சதுரத் துணிக்குப் பாவும் ஊடுமாக (நெடுக்கு இழையும் குறுக்கு இழையும் சேர்த்து) 4,000 மீட்டர் நூல் வேண்டும். மகள் அதைத் தன் 3 மீட்டரால் வகுத்தாள். 1,333 சாயங்காலம் வந்தது. நோட்டில் அதை எழுதிவிட்டு, தக்ளியை இன்னொரு தடவை தரச் சொல்லி அப்பத்தாவிடம் கை நீட்டினாள்.