உயர்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமயபாடத்தை மனதில் நிற்கும்படி படிப்பிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குச் சைவநெறி படிப்பிக்கிறேன். இலங்கையில் சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாய பாடம். அவரவர் சமயத்தை அவரவர் படிப்பார்கள். அதனால் பிள்ளைகள் பாடமாக்குவார்கள், நல்ல பெறுபேறும் எடுப்பார்கள். சோதனை முடிந்ததும் எல்லாம் கொப்பியோடு போய்விடுவதுதான் என் கவலை.

பிள்ளைகள் கேட்கத் தயங்குகிற கேள்வியைப் பாடத்தின் நடுவிலேயே வையுங்கள். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

திருநாளைப்போவாரை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தனார் என்றால் எல்லோருக்கும் தெரியும். கோயில் பேரிகைக்குப் போர்த்தும் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோலில் எழும் ஓசை சந்நிதிவரை போகும், தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட அவர் வாசலைத் தாண்ட முடியாது. இந்த இடத்தை நான் அவசரமாகக் கடப்பதில்லை. திருப்புன்கூரில் வெளியே நின்ற அவருக்காக நந்தி விலகியது. தில்லையிலோ தீயில் மூழ்கி, பூணூலோடு முனிவராக எழுந்த பிறகுதான் உள்ளே போனார். இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டுப் பேசாமல் நிற்பேன். ஒருமுறை ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: “ரீச்சர், அங்க நந்தியை விலத்தின சிவன், இங்க ஏன் அவரைத் தீக்குள்ள இறங்கச் சொன்னவர்?”

அந்தப் பிறவி நீங்கவே தீ என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடியிருப்பதைச் சொன்னேன். “அப்ப அந்தப் பிறவியில என்ன பிழை?” என்றாள். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. சமயபாடம் தொடங்குவதே அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நம் ஊருக்கு வருவேன். சாதியைச் சொல்லிக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பது குற்றம் என்று இலங்கையில் 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டு நின்றவர்களை மறித்தார்கள். சில பிள்ளைகளின் அம்மம்மா, அப்பப்பாவுக்கு அது நேரில் தெரிந்த கதை. வீட்டில் கேட்டு வரச் சொல்வேன். சிலர் நிறையச் சொல்வார்கள், சிலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். இரண்டையுமே பிள்ளைகள் கவனித்துக்கொண்டு வருவார்கள்.

“ஏன் இதையெல்லாம் கிளறுறீங்கள், பக்தி குறைஞ்சிடாதோ?” என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நான் பார்த்தவரை குறைவதில்லை. நந்தனாருக்காகக் கோபப்படுகிற பிள்ளை நந்தனாரை நேசிக்கிற பிள்ளைதான். அவர் கதையைப் பெரியபுராணத்தில் வைத்துக் காத்ததும் சைவம்தான் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

தேவாரத்துக்கு இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. பொருள் எழுதிக்கொடுக்கும் முன் பண்ணோடு பாட வையுங்கள். சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்தில் ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்’ என்று வரும்; ஒலிக்கும் கடலின் அலை முத்துகளைக் கரையில் ஒதுக்கும் என்பது பொருள். கோணேசர் கோயில் மலையில் நின்று கீழே கடலைப் பார்த்த பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, பரீட்சை? புள்ளித்திட்டத்துக்கு ஏற்ற விடையைத் தெளிவாகப் படிப்பித்துவிடுங்கள், அதில் பிள்ளைகளைத் தவிக்கவிடக் கூடாது. சொந்த விடையைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்வேன். அதற்குப் புள்ளி போடுவதில்லை. வாசித்துவிட்டு, கீழே இன்னொரு கேள்வி எழுதிக் கொடுப்பேன்.