மழைநீர் ஒரு வழி, சாக்கடை ஒரு வழி: மும்பை வடிகால்கள் பற்றிக் கேள்வி பதில்

மும்பைத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மாநகராட்சியின் மழைநீர் வடிகால் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

மாட்டுங்கா வாசகர்: ஐயா, ஒவ்வோர் ஆண்டும் நாலாக்களை, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய்களை, தூர்வாரிவிட்டோம் என்கிறார்கள். ஆனாலும் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறதே, ஏன்?

தூர்வாருவது கட்டாயம் தேவை. ஆனால் கிங்ஸ் சர்க்கிளின் சிக்கல் வண்டலோடு முடிந்துவிடவில்லை. ஏழு தீவுகளுக்கு இடையே கிடந்த கடலையும் சதுப்பையும் மண் கொட்டி மேடாக்கித்தான் பழைய மும்பை உருவானது. ஹிந்த்மாதா, சயான், காந்தி மார்க்கெட், உங்கள் கிங்ஸ் சர்க்கிள் எல்லாமே சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்த இடங்கள். அங்கே சேரும் தண்ணீர் கடலுக்குத்தான் போக வேண்டும். கடலோ நாளில் பாதி நேரம், வடிகால் கடலில் திறக்கும் வாயைவிட உயரத்தில் நிற்கிறது.

2005 வெள்ளத்துக்குப் பிறகு மாதவராவ் சித்தலே தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. நகரின் 186 வடிகால் வாய்களில் 45 சராசரிக் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. 135 வாய்கள் அதற்கு மேலே இருந்தாலும் கடல் ஏறும்போது மூழ்கிவிடுகின்றன. எப்போதும் கடலுக்கு மேலே இருப்பவை வெறும் ஆறு. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மழை கொட்டினால், பளிச்சென்று தூர்வாரிய வடிகாலும் நிரம்பித்தான் நிற்கும்.

செம்பூர் வாசகி: எங்கள் கட்டடத்தில் தரைத்தள வீடு. பெருமழை பெய்தால் கழிப்பறை வழியாகச் சாக்கடை மேலே வருகிறது. வாசலில் தண்ணீர்கூட அதிகம் இருப்பதில்லை. இது எப்படி?

அம்மா, பலரும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மும்பையில் மழைநீருக்குத் தனி வலை, கழிவுநீருக்குத் தனி வலை. மழைநீர் சாலையோரக் கால்வாய், நாலா வழியாக நேரே கடலுக்கோ கழிமுகத்துக்கோ போகிறது. கழிவுநீர் நிலத்தடிக் குழாய்களில் ஓடி, பம்பு நிலையங்கள் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. வீடுகளில் நாம் பயன்படுத்தும் தண்ணீரைக் கணக்கிட்டுத்தான் கழிவுநீர்க் குழாயின் அளவை வைக்கிறார்கள். உச்ச நேரத்தில்கூட அது எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிரம்பக் கூடாது என்பது வடிவமைப்பு விதி. மழைக்கு அதில் இடமே இல்லை.

ஆனால் நடப்பது என்ன? மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைப் பக்கத்தில் இருக்கிறதே என்று கழிவுநீர்த் தொட்டியில் இணைத்துவிடுகிறார்கள். ஆயிரம் சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் 50,000 லிட்டர். ஒரு தெருவில் பத்துக் கட்டடங்கள் இப்படிச் செய்தால் ஐந்து லட்சம் லிட்டர். அத்தனையும் அந்தச் சிறிய குழாய்க்குள் போகிறது; வழியில்லாமல், இருப்பதிலேயே தாழ்ந்த வாய் எதுவோ அதன் வழியாக மேலே வருகிறது. அது உங்கள் கழிப்பறை.

மே மாதத்துக்குள் ஒரு பிளம்பரை வைத்து மாடிக் குழாய்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். மாடியில் ஒரு வாளி சாயத் தண்ணீர் ஊற்றினாலே தெரிந்துவிடும். கட்டடத்தின் கடைசிக் கழிவுநீர்த் தொட்டியில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்று பொருத்துங்கள். அதற்காகும் செலவைக் கட்டடச் சங்கம் ஏற்க வேண்டும். பாதிப்பு தரைத்தளத்துக்குத்தான் என்றாலும், அதை உண்டாக்குவது எல்லாத் தளங்களும் சேர்ந்துதான்.

தாராவி இளைஞர்: அண்ணா, தெருவில் தண்ணீர் நின்றால் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவது எங்கள் வழக்கம். சீக்கிரம் வடிந்துவிடுகிறது. இதில் தவறு உண்டா?

தம்பி, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். 2017 ஆகஸ்ட் 29 அன்று டாக்டர் தீபக் அம்ராபுர்கர், நகரமே அறிந்த வயிறு-குடல் நோய் மருத்துவர், வெள்ளத்தில் வீட்டுக்கு நடந்து போகும்போது திறந்துகிடந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தார். கலங்கிய தண்ணீருக்கு அடியில் குழி இருப்பது யாருக்கும் தெரியாது. உள்ளே இழுக்கும் வேகத்தை எதிர்த்து ஒரு மனிதரால் நிற்க முடியாது.

இன்னொன்று. உங்கள் தெருவில் வடியும் தண்ணீர் மறைந்துவிடுவதில்லை. கழிவுநீர்க் குழாயில் புகுந்து, செம்பூர் அம்மா சொன்னாரே, அப்படி வேறொருவர் வீட்டுக்குள் வெளியேறுகிறது. மூடிக்குக் கீழே கம்பி வலை பொருத்தும் வேலை அந்தச் சாவுக்குப் பிறகு தொடங்கியது. உங்கள் தெருவில் வலை இல்லாத மேன்ஹோல் இருந்தால், மூடி காணாமல் போயிருந்தால், உடனே புகார் கொடுங்கள்.

பொறியியல் மாணவி, முலுண்டு: குழாய்களைப் பெரிதாக்கிவிட்டால் போதாதா, சார்?

முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்காகக் கட்டப்பட்டவை. அதிலும் பாதித் தண்ணீர் மண்ணில் இறங்கிவிடும் என்ற கணக்கு. ஆக, வடிகாலுக்கு வருவது 12.5 மி.மீ. மட்டும். 1993இல் தயாரான பிரிம்ஸ்டோவாட் என்ற மும்பை மழைநீர் வடிகால் திட்டம் இதை மணிக்கு 50 மி.மீ. ஆக்கியது, மண்ணே கண்ணில் படாத நகரம் என்பதால் பெய்வது முழுவதும் ஓடிவரும் என்று கொண்டது. மழை அளவு இரண்டு மடங்குதான். ஆனால் வடிகால் சுமக்க வேண்டிய நீர் நான்கு மடங்கு. தேர்வில் இந்த இடத்தில்தான் மாணவர்கள் தடுமாறுவார்கள், கவனித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திட்ட அறிக்கை அலமாரியில் கிடந்தது. 2005 ஜூலை 26 வந்தது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ.; அங்கே ஜூலை மாதம் முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அதிகம். அதே நாளில் கொலாபாவில் 73 மி.மீ. மட்டுமே. ஒரே நகருக்குள் இவ்வளவு வேறுபாடு இருந்ததால்தான், பின்னர் வார்டு வார்டாகத் தானியங்கி மழைமானிகள் வைத்தார்கள். 2007இல் மத்திய அரசு 1,200 கோடி ரூபாய் ஒப்புக்கொண்ட பிறகே பிரிம்ஸ்டோவாட் வேகம் பிடித்தது.

குழாயைப் பெரிதாக்குவதிலும் எல்லை உண்டு. நகரம் தட்டையானது; சரிவு கிடைப்பதில்லை. தோண்டினால் குடிநீர்க் குழாய், மின்கம்பி, எரிவாயு என்று எல்லாம் குறுக்கே வரும். வாய் கடலுக்குள் இருக்கும்வரை பெரிய குழாயும் காத்துத்தான் கிடக்க வேண்டும்.

அதே மாணவி: அப்படியானால் பம்புகள்?

ஆம். கடல் ஏறும்போது வடிகால் வாயின் கதவை மூடிவிட்டு, தண்ணீரை இறைத்துக் கடலில் விடுவது. எட்டு நிலையங்கள் திட்டமிடப்பட்டன. ஹாஜி அலி, இர்லா, லவ்குரோவ், கிளீவ்லேண்ட் பந்தர், பிரிட்டானியா, கஜ்தர்பந்த் ஆகிய ஆறும் இயங்குகின்றன. மோக்ரா, மாகுல் இரண்டும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டன. கிழக்குப் பக்கம் சயான், மாட்டுங்கா, செம்பூர் மக்களுக்கு மாகுல் எவ்வளவு முக்கியம் என்பதை அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டால் தெரியும்.

ஒரு பம்பு நொடிக்கு 6,000 லிட்டர் இறைக்கும். மணிக்கு இரண்டு கோடி லிட்டருக்கு மேல். பெரிதாகத் தோன்றும். ஆனால் மணிக்கு 50 மி.மீ. மழையில் அது தாங்கும் பரப்பு ஏறத்தாழ 43 ஹெக்டேர்தான்.

பரேல் வாசகர்: ஹிந்த்மாதாவில் நிலத்தடித் தொட்டி கட்டியது பயன் தந்ததா?

தந்தது, தருகிறது. பிரமோத் மகாஜன் பூங்காவிலும் செயின்ட் சேவியர்ஸ் மைதானத்திலும் நிலத்தடியில் தொட்டிகள். ஹிந்த்மாதாவில் தேங்கும் தண்ணீரை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, கடல் வற்றியதும் வெளியேற்றுகிறார்கள். எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழி இதுதான். மும்பையில் தண்ணீருக்கு வேண்டியது சில மணி நேரம் காத்திருக்க ஓர் இடம். முன்பு அந்த வேலையைச் சதுப்புகளும் அலையாத்திக் காடுகளும் மித்தி நதியின் கரைகளும் செய்தன. அவற்றை நிரப்பிக் கட்டடம் எழுப்பிவிட்டு, இப்போது பெரும் பணம் கொடுத்துத் தொட்டி தோண்டுகிறோம். மிச்சமிருக்கும் அலையாத்திகளை வெட்டுவதற்கு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நான் எதிர்ப்பேன்.

அந்தேரி வாசகர்: புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தால் வெள்ளம் குறையுமா?

குறையாது. மழைநீர் போகும் வழி வேறு என்று முன்பே சொன்னேன். வொர்லி, பாந்த்ரா, தாராவி, மலாட், வெர்சோவா, பாண்டுப், காட்கோபர் ஆகிய ஏழு இடங்களிலும் சேர்த்து நாளொன்றுக்கு 246.4 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிப்பது திட்டம். கடலும் கழிமுகமும் நாறாமல் இருக்க அது தேவை.

தாராவி வாசகி: என் கணவர் செப்டிக் டேங்க் இறங்கிச் சுத்தம் செய்யும் கூலி வேலைக்குப் போகிறார். மழைக்கு முன்னால் அழைப்பு அதிகம். பயமாக இருக்கிறது, ஐயா.

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. அவரை இறங்க விடாதீர்கள். உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு அந்த நாற்றத்தை உணரும் சக்தியையே இழந்துவிடும். வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் சில நொடிகளில் விழுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இதனால்தான்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரை இறக்குவதை, மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கட்டடச் சங்கம் அழைத்தாலும், ஒப்பந்ததாரர் அழைத்தாலும் குற்றம்தான். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. உறிஞ்சும் லாரி இருக்கும்போது மனிதர் இறங்க வேண்டிய தேவையே இல்லை. கேள்வி கேட்ட மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் கட்டடத்தில் யாரையாவது இறக்கச் சொன்னால், சங்கச் செயலாளரை நேரில் பார்த்துத் தடுத்து நிறுத்துங்கள்.

சயான் கோலிவாடா வாசகர்: மழை முன்கூட்டியே வந்தால் என்ன செய்வார்கள்?

2025இல் அதுதான் நடந்தது. வழக்கமாக ஜூன் 11 வாக்கில் வரும் பருவமழை மே 26 அன்றே வந்துவிட்டது. கொலாபாவில் அந்த மே மாதத்தில் 295 மி.மீ. பெய்து 1918ஆம் ஆண்டின் அளவைக் கடந்தது. தூர்வாருவதற்கான கெடு மே 31. கெடுவை ஏப்ரல் இறுதிக்கு நகர்த்த வேண்டும். அதற்கு ஒப்பந்தங்களை ஜனவரியிலேயே முடிக்க வேண்டும். இதற்குப் பெரிய பொறியியல் எதுவும் வேண்டாம்.

மாட்டுங்கா வாசகர் மீண்டும்: எந்த நாளில் வெளியே போகாமல் இருப்பது நல்லது?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் அதிகம் ஏறும். மும்பையில் அந்த நாள்களின் பகல் ஏற்றம் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி வரும். நாளிதழில் வரும் கடல் ஏற்றப் பட்டியலில் 4.5 மீட்டருக்கு மேல் போட்டிருந்தால், அதே நேரத்தில் பெருமழை எச்சரிக்கையும் இருந்தால், அந்த மூன்று நான்கு மணி நேரம் ஹிந்த்மாதா, மிலன் சுரங்கப்பாதைப் பக்கம் போகாதீர்கள். புகாருக்கு 1916. பேசும்போது தெருப் பெயரோடு, பக்கத்தில் இருக்கும் கடையையோ கம்பத்தின் எண்ணையோ சொல்லுங்கள், புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.