வெளியில் வாங்கிப் பொருத்திய கார் ரிவர்ஸ் கேமராவில் படம் வரவில்லை, கடையில் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். வீட்டிலேயே சரிபார்க்க முடியுமா?

முடியும். அதுவும் உங்களுடையது வெளியில் வாங்கிப் பொருத்திய கேமரா என்கிறீர்கள், அப்படியென்றால் தாராளமாகப் பார்க்கலாம். கேமரா கெட்டுப்போவதைவிட அதற்குப் போகிற வயர் கெட்டுப்போவதுதான் அதிகம். கடைக்காரர் மேல் தப்பில்லை. உள் பிளாஸ்டிக்கைக் கழற்றி வயரைத் தேடிக்கொண்டிருந்தால் அவருக்குப் பாதி நாள் போய்விடும். புது செட்டை மாட்டிவிடுவது சுலபம்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் திரையைப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டு. பின்னால் யாரும் நிற்க வேண்டாம்.

பாட்டு மெனு அப்படியே நிற்கிறது, திரை மாறவே இல்லை என்றால், ரிவர்ஸ் போட்ட சேதியே ஸ்டீரியோவுக்குப் போகவில்லை என்று அர்த்தம். அப்போது கேமராவைத் தொடவே வேண்டாம். முதலில் ரிவர்ஸ் லைட் எரிகிறதா பாருங்கள். எரியவில்லையா? ஃபியூஸ், பல்ப், இல்லாவிட்டால் கியர்பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்ச். லைட் எரிந்தும் திரை மாறவில்லை என்றால், மஞ்சள் வீடியோ கேபிளோடு ஒட்டிக்கொண்டே ஒரு மெல்லிய சிவப்பு வயர் வரும், அதுதான் சந்தேகத்துக்குரியது. ஒரு முனை ரிவர்ஸ் லைட்டின் பாசிட்டிவில், மறுமுனை ஸ்டீரியோவின் ரிவர்ஸ் வயரில் சேர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஸ்டீரியோவுக்குப் பின்னால் வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். வெயிலில் டேப்பின் பசை இளகி அது கழன்றிருக்கும்.

திரை மாறுகிறது, ஆனால் கறுப்பாகவோ நீலமாகவோ நிற்கிறது என்றால் கேமராவுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது படம் திரும்பி வரவில்லை. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கேமராவுக்குப் போகும் சிவப்பு, கறுப்பு வயர்களில் வையுங்கள். ரிவர்ஸ் போட்டதும் 12 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மீட்டரின் கறுப்பு முனையை மட்டும் எடுத்துப் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்துப் பாருங்கள். இப்போது 12 வந்தால் எர்த்தில்தான், அதாவது கறுப்பு வயர் கார் பாடியோடு சேரும் இடத்தில்தான் கோளாறு. துருவைச் சுரண்டி இறுக்கிக் கட்டினால் போதும். படத்தில் கோடு கோடாக ஓடுவதற்கும் பல நேரம் இந்த எர்த்தே காரணம்.

கரண்ட் சரியாக வந்தும் படம் இல்லை என்றால் மஞ்சள் கேபிளைச் சந்தேகப்படுங்கள். வீட்டில் பழைய டிவிடி பிளேயர் கிடந்தால் அதன் மஞ்சள் வீடியோ கேபிளை ஸ்டீரியோவின் கேமரா பின்னில் செருகி ரிவர்ஸ் போடுங்கள். படம் வந்தால் ஸ்டீரியோ நன்றாக இருக்கிறது, பழுது பின்பக்கம்தான்.

ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்கள் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டிக்கிக் கதவும் கூரையும் சேரும் இடத்தில், கீலுக்குப் பக்கத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். டிக்கிக்குப் போகிற வயரெல்லாம் அதற்குள்தான். திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே வயர் நொந்துபோகும். ஒருவரை முன்சீட்டில் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, டிக்கிக் கதவை மெதுவாக ஏற்றி இறக்குங்கள், ரப்பரைப் பிடித்து நெளியுங்கள். "வந்துச்சு... போச்சு" என்று முன்னாலிருந்து குரல் வந்தால் வேலை முடிந்தது. என் காரில் அந்த ரப்பரை உருவிப் பார்த்தபோது மேல்தோல் வெடித்து, உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. கெட்டுப்போன துண்டை வெட்டியெடுத்துவிட்டு, கொஞ்சம் தொய்வு விட்டுப் புது வயரைச் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போட்டேன். இணைப்பு ரப்பருக்குள் வராமல் வெளியே தள்ளி இருக்கட்டும், மடிகிற இடத்தில் வந்தால் மறுபடி உடையும்.

மழைக்காலத்தில் தெருவில் நிறுத்தும் கார் என்றால் எலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படம் வருகிறது, ஆனால் மங்கல் என்றால் பாதி நேரம் போர் தண்ணீரின் உப்புக் கறைதான். வினிகர் கலந்த நீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடையுங்கள். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம், லென்ஸில் கீறல் விழும். கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் கோத்திருந்தால்தான் உண்மையிலேயே கேமராவுக்குச் சாவு மணி.

கம்பெனியிலிருந்தே வந்த கேமராவாக இருந்தால் இந்த வெட்டு ஒட்டு வேலை எதுவும் வேண்டாம். ஃபியூஸைப் பார்த்து, லென்ஸைத் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள். வயரை வெட்டினால் வாரண்டிக்குச் சிக்கல். எந்தக் காரானாலும், கேமராவின் வீடியோ கேபிளைத் தவிர, மஞ்சள் உறை போட்ட வயர்கள் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள், அவை பெரும்பாலும் ஏர்பேக்குடையவை.

இத்தனையும் பார்த்துக் கேமராதான் போச்சு என்று தெரிந்தால் அதை மட்டும் வாங்குங்கள், திரையும் கேபிளும் பழையதே போதும். புதுசை மாட்டியதும் இடம் வலம் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம். பல கேமராக்களின் வாலில் சின்ன வளையமாக ஒரு வயர் விட்டிருப்பார்கள். எந்த நிறம் எதற்கு என்று பெட்டிக்குள் இருக்கும் துண்டுச் சீட்டில் பார்த்துவிட்டு வெட்டினால் படம் திரும்பிவிடும்.