கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

கேள்வி: என்னுடையது 2010 மாடல் சின்ன பெட்ரோல் கார், முன்சக்கர டிரைவ். 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கணும் என்கிறார். வேறு வழியில்லையா?
- வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். எனக்கு வீல் பேரிங் (சக்கரம் உராயாமல் சுழல உதவும் வளையம்) மேல்தான் சந்தேகம்.

ஆளில்லாத நேர் ரோட்டில் 60-இல் போகும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். (இன்ஜினை அணைத்துவிடாதீர்கள், பிரேக் கல்லாக இறுகிவிடும்.) இன்ஜின் வேகம் தணிந்தும் இரைச்சல் அப்படியே இருந்தால், பேரிங் அல்லது டயர். இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பேரிங்கும் இப்படிக் கத்தும், ஆனால் அபூர்வம்.

அடுத்து, அதே வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாக இடதுபக்கம் ஒடியுங்கள். வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் சாயும். அப்போது சத்தம் கூடி, வலதுபக்கம் ஒடிக்கும்போது குறைந்தால் அநேகமாக வலது பேரிங். எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாமல், வழவழப்பான புது தார் ரோட்டில் மட்டும் தணிந்தால் டயர். உள்ளங்கையால் டயரைத் தடவினாலே மேடுபள்ளம் தட்டுப்படும்.

பேரிங்கை உறுதிசெய்ய ஒரு பழைய வித்தை உண்டு. ஜாக்கி, ஸ்டாண்டு போட்டுத் தூக்கி, நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். இன்னொரு கை சஸ்பென்ஷனின் காயில் ஸ்பிரிங் மேல் இருக்கட்டும். பேரிங் போயிருந்தால் அம்மியில் மிளகாய் அரைப்பதுபோல ஒரு கரகரப்பு விரலுக்கு வரும். என் பழைய வண்டியில் காது ஏமாந்தது, விரல் ஏமாறவில்லை.

சரி, கியர்பாக்ஸ் கெட்டால் எப்படித் தெரியும்? குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் ஊளையிடும். அல்லது வண்டி நிற்கும்போது, நியூட்ரலில் கேட்கும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றுவிடும். அது இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் விசையை கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு) பேரிங். மிதித்தால்தான் சத்தம் என்றால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். அதற்கு கியர்பாக்ஸை இறக்கினால் போதும், பிரிக்க வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக் கிளப்பும்போது 'டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும்.

கியர் ஆயில் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. பேரிங் மாற்றினால் கழற்றியதைக் கேட்டு வாங்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் அது கெடாத பேரிங்காக இருக்கலாம்; பணம் கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் இன்னொரு ரவுண்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.