எர்லி டிசிஷன் கையெழுத்துக்கு முன்னாடி காசு கணக்கை முடிச்சிடுங்க அக்கா

அக்கா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பொண்ணு அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டி தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, எர்லி டிசிஷன் (ஒரே காலேஜுக்கு முன்கூட்டியே அப்ளை பண்ணி, சீட் கிடைச்சா அங்கயே சேர்றேன்னு ஒத்துக்கறது) போட்டா சான்ஸ் ஜாஸ்தின்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஏத்தி விட்டிருக்காங்க, நவம்பர் 1 கடைசி தேதி, உங்க வீட்டுக்காரர் "முதல்ல சீட் கிடைக்கட்டும், காசு அப்புறம் பாத்துக்கலாம்"ங்கறார். அந்த கடைசி வரி தான் எனக்கு உதைக்குது.

இதுல அப்புறம்னு ஒண்ணு கிடையாது. பொண்ணு, பெத்தவங்கள்ல ஒருத்தர், ஸ்கூல் கவுன்சிலர் மூணு பேரும் கையெழுத்து போடறீங்க, டிசம்பர் நடுவுல சீட் வந்துட்டா மத்த அப்ளிகேஷன் எல்லாத்தையும் வாபஸ் வாங்கணும். பொண்ணு பாக்கப் போன எடத்துலயே தட்டு மாத்திட்டு வர்ற மாதிரி தான். இன்னொரு காலேஜ் மார்ச்ல எவ்ளோ குடுத்திருக்கும்னு உங்களுக்கு தெரியவே போறதில்ல.

எய்ட் (படிப்புக்கு காலேஜும் அரசும் தர்ற பண உதவி) பத்தலன்னா விலகிக்கலாம்னு ரூல் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா உங்களால எவ்ளோ கட்ட முடியும்ங்கறத உங்க ஃபார்ம வெச்சு காலேஜ் தான் கணக்கு போடும், உங்க மனசுல இருக்கிற நம்பர் அதுல வராது. நிஜமாவே கட்ட முடியாதவங்க ஆஃபீஸ்ல பேசி, அப்பீல் பண்ணி, அதுக்கும் சரிவரலன்னா வெளிய வர்றதுக்கு தான் அந்த வழி. "நம்ம ஸ்டேட் காலேஜ் ரட்கர்ஸ்ல இதுக்கு பாதி கூட ஆகாது, அதனால வேணாம்"னு சொல்றதுக்கு இல்ல.

அதனால இந்த வாரமே கார்னெல் வெப்சைட்ல இருக்கிற நெட் ப்ரைஸ் கால்குலேட்டர்ல உக்காருங்க, எய்ட் போக நீங்க கட்ட வேண்டியது சுமாரா எவ்ளோன்னு அது காட்டும். 2011லேர்ந்து ஃபெடரல் (மத்திய அரசு) எய்ட் வாங்கற எல்லா காலேஜும் அத வெச்சே ஆகணும்னு சட்டம். டேக்ஸ் ரிட்டர்ன், ரெண்டு பேர் டபிள்யூ-2 (கம்பெனி குடுக்கற வருஷ சம்பள சான்று), பேங்க் ஸ்டேட்மென்ட் பக்கத்துல வெச்சுக்கிட்டு பண்ணுங்க, குத்துமதிப்பா போடாதீங்க. நம்ம ஆளுங்க தப்பு பண்றது ஒரே எடத்துல: திருச்சில வாடகைக்கு விட்டிருக்கீங்களே அந்த ஃப்ளாட், அது நீங்க குடியிருக்கிற வீடு இல்ல, அதனால மத்த ப்ராப்பர்ட்டின்னு இன்னிக்கு மதிப்புல லோன் போக டாலர்ல காட்டணும், வாடகையும் வருமானம். நீங்க குடியிருக்கிற எடிசன் வீட்ட ஃபாஃப்ஸா (ஃபெடரல் எய்ட் ஃபார்ம்) கேக்காது, ஆனா சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் (கார்னெல் மாதிரி காலேஜுங்க தங்களோட எய்டுக்கு கேக்கற தனி ஃபார்ம்) கேக்கும். அப்புறம் அவங்க பாக்கறது காலேஜ் சேர்ற வருஷத்துக்கு ரெண்டு வருஷம் முந்தின வருமானம், அந்த வருஷம் ஆர்எஸ்யு (கம்பெனி சம்பளத்தோட தர்ற ஷேர்) நிறைய வெஸ்ட் ஆகி கைக்கு வந்திருந்தா அதுவும் உள்ள வந்துடும்.

ரெண்டு பேரும் ஐடில இருக்கீங்க, அதனால முழு விலைக்கு கிட்ட தான் காட்டும்னு என் கணிப்பு, அதாவது வருஷத்துக்கு 90,000 டாலருக்கு மேல. ஐவி லீக்ல (கார்னெலும் சேர்ந்த எட்டு காலேஜ் குழு) மெரிட் ஸ்காலர்ஷிப்பே கிடையாது, எவ்ளோ மார்க் எடுத்தாலும். ரெண்டு வருஷத்துல அவ தம்பியும் காலேஜுக்கு வந்துடுவான், முன்னாடி ஃபாஃப்ஸா ரெண்டு பிள்ளைக்கும் பிரிச்சு கணக்கு போட்டுச்சு, 2024-25லேர்ந்து அதையும் எடுத்துட்டாங்க, சிஎஸ்எஸ் கேக்கற காலேஜ் சிலது இன்னும் பாக்கும், அத எய்ட் ஆஃபீஸ்ல மெயில் போட்டு எழுத்துல வாங்குங்க.

லோன் போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க. பொண்ணு பேர்ல முதல் வருஷ ஃபெடரல் லோன் 5,500 தான். பெத்தவங்க பேர்ல வாங்கற ஃபெடரல் பேரன்ட் ப்ளஸ் லோனுக்கும் 2026 ஜூலைலேர்ந்து புதுசா வாங்கறவங்களுக்கு வருஷம் 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தமே 65,000னு உச்சவரம்பு வந்தாச்சு.

உங்க பொண்ணு இங்க பொறந்தவ, அதனால எய்ட் கேட்டா கார்னெல்ல சீட் சான்ஸ் குறையாது, பயப்படாம கேளுங்க. (உங்க பக்கத்து வீட்டுக்காரங்க பையன் ஹெச்-4ல (பெத்தவங்க வேலை விசாவ ஒட்டி கிடைக்கற விசா) இருக்கான்னீங்களே, அவனுக்கு ஃபெடரல் எய்ட் கிடையாது, நிறைய காலேஜ்ல இன்டர்நேஷனல் கணக்கு தான், எய்ட் கேக்கறதே சீட்ட பாதிக்கலாம். அவங்கள தனியா பேச சொல்லுங்க.)

கால்குலேட்டர் காட்டற நம்பர நாலு வருஷத்துக்கும், ஃபீஸ் ஏறும்னு வெச்சே, பென்ஷன் பணத்த தொடாம, தம்பி பங்க எடுத்து வெச்ச பிறகும் கட்ட முடியும்னா தாராளமா கையெழுத்து போடுங்க, நான் தடுக்கல. முடியாதுன்னா ரட்கர்ஸுக்கு எர்லி ஆக்‌ஷன் போடட்டும், அதுவும் முன்கூட்டியே போடறது தான், ஆனா கட்டுப்படுத்தாது. கார்னெல்லுக்கு ஜனவரில வழக்கமான ரெகுலர் சுற்றுல போடட்டும். சான்ஸ் கொஞ்சம் குறையலாம் தான், ஆனா எர்லில தெரியற அந்த பெரிய பர்சன்டேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோச் தேர்ந்தெடுத்த பிள்ளைங்களும் இருக்காங்க, அத அப்படியே உங்க பொண்ணுக்கு பொருத்தாதீங்க.

நம்பர் வந்ததும் பொண்ணுகிட்டயே காட்டுங்க, அவளுக்கு 17 வயசு, புரிஞ்சுக்குவா. எதுவா இருந்தாலும் அக்டோபர் முதல் வாரத்துக்குள்ள முடிவு பண்ணி ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட சொல்லிடுங்க, கடைசி நேரத்துல அவங்க கையெழுத்துக்கு அலைய வேண்டாம்.